அழுதது எல்லாம் மனந்திரும்புதலா?

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து தொடங்கியதிலிருந்து வருகிற கடிதங்கள் பெரும்பாலும் மனந்திரும்புதலைச் சுற்றியே இருக்கின்றன. சிலர் தங்களைப் பற்றிக் கேட்கிறார்கள், சிலர் தங்களுக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை.

ஐயா, எனக்கு வயது 44. ஒவ்வொரு வருஷமும் கன்வென்ஷன் கடைசி நாள் கூட்டத்தில் முன்னால் போய் முழங்காலில் நின்று அழுகிறேன். நடிப்பு இல்லை, உண்மையாகவே அழுகிறேன். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், பத்து நாள் நன்றாக இருக்கும். அப்புறம் அதே கோபம், மனைவியிடம் அதே வார்த்தைகள். பிள்ளைகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இப்போது கூட்டத்துக்குப் போகவே வெட்கமாக இருக்கிறது. என் மனந்திரும்புதல் பொய்யா?
— ஒரு சகோதரர், தூத்துக்குடி மாவட்டம்

தம்பி, உங்கள் கடிதத்தில் உங்கள் கண்ணீர் இருக்கிறது, உங்கள் வெட்கம் இருக்கிறது, முழங்காலில் நின்றது இருக்கிறது. பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொள்வதையும் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். ஆனால் உங்கள் மனைவி என்ன சொன்னார், பத்து நாள் கழித்து மறுபடியும் குரல் உயரும்போது அவர் முகம் எப்படி ஆகிறது என்பது எங்குமே இல்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டதற்குப் பதில் அங்கேதான் கிடக்கிறது என்று தோன்றியதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வேதாகமத்தில் 'பாவஞ்செய்தேன்' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் பலர் உண்டு. சவுல் ராஜா சொன்னான். அமலேக்கியரை முறியடித்தபிறகு கொழுத்த ஆடுமாடுகளைத் தப்பவிட்டுவிட்டு, கேட்டால் கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்தோம் என்றான், ஜனங்கள்தான் செய்தார்கள் என்றான், சாமுவேல் தீர்க்கதரிசி விடாமல் பிடித்தபிறகு பாவஞ்செய்தேன் என்று ஒத்துக்கொண்டான். ஒத்துக்கொண்ட கையோடு, என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கேட்கிறான் (1 சாமுவேல் 15). பாவம் செய்ததைவிட, ஊர் முன்னால் மரியாதை போய்விடுமே என்பதுதான் அவனுக்குப் பெரிய கவலை.

தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கொடுமையானது. இன்னொருவன் மனைவியை எடுத்துக்கொண்டான், அவள் புருஷன் ஊரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தான். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கதை சொல்லி, 'நீயே அந்த மனுஷன்' என்றபோது அவன் சாக்குச் சொல்லவில்லை. சிங்காசனம் என்ன ஆகும், ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கவில்லை. அந்த நாளோடு சேர்த்துச் சொல்லப்படும் 51-ஆம் சங்கீதத்தை இன்று ராத்திரி மெதுவாக வாசித்துப் பாருங்கள். என் மரியாதையைக் காப்பாற்றும் என்று அதில் ஒரு வரி கிடையாது. சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும், உமது சமுகத்தை விட்டு என்னைத் தள்ளாமலிரும் என்று முழுக்க முழுக்கத் தேவனைப் பார்த்துத்தான் பேசுகிறான்.

இதே வித்தியாசத்தை யூதாஸிடமும் பேதுருவிடமும் இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். வெளியே இருந்து பார்த்தால் யூதாஸ் பேதுருவைவிட அதிகமாகவே செய்தான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனான், 'குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்' என்று பிரதான ஆசாரியர் முகத்துக்கு நேரே சொன்னான். இயேசுவை அறியேன் என்று மறுதலித்த பேதுரு அன்று செய்ததெல்லாம் வெளியே போய் மனங்கசந்து அழுததுதான். ஆனால் யூதாஸின் துக்கம் போய் நிற்க ஓர் இடம் இல்லை. ஆசாரியர்கள் 'எங்களுக்கென்ன' என்று கைவிரித்துவிட்டார்கள், இயேசுவிடம் போகலாம் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பேதுருவோ அந்த வெட்கத்தோடேயே மற்ற சீஷர்கள் நடுவில் கிடந்தான். திபேரியா கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, கரையில் நிற்பவர் கர்த்தர் என்று யோவான் சொன்னதுமே, படகு கரைக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல் கடலில் குதித்துவிட்டான். மூன்று தடவை மறுதலித்தவன் ஒளிந்துகொள்ள வேண்டும். இவன் அவரை நோக்கிக் குதிக்கிறான். எனக்குத் தெரிந்து மனந்திரும்புதலைக் கண்ணால் பார்க்கிறமாதிரி எழுதிய இடம் அதுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். கன்வென்ஷன் பந்தலில் கடைசி நாள், கீபோர்டு மெல்ல வாசிக்க, விளக்கு மங்க, பிரசங்கியார் குரல் தழுதழுக்கும்போது நாம் அழுவது எதற்காக? பெரும்பாலும், 'நான் இப்படி ஆகிவிட்டேனே' என்பதற்காக. அது உண்மையான வேதனைதான், ஆனால் அதிலும் நடுவில் நிற்பது 'நான்'. என்னைப் பற்றிய என் நல்ல எண்ணம் உடைந்துபோயிற்று, அது மறுபடி ஒட்டினால் எனக்குச் சமாதானம். அழுதபின் மனசு லேசாகிறது, லேசானதை மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறோம். அந்த லேசு பத்து நாளில் கரைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. 'லௌகிக துக்கம்', 'தேவனுக்கேற்ற துக்கம்' என்று பவுல் இரண்டாகப் பிரிப்பதைக் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபம் 7-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். இரண்டிலும் கண்ணீர் ஒரே உப்புத்தான், அது எந்தப் பக்கம் திருப்புகிறது என்பதுதான் கேள்வி.

கோபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குரல் உயர்த்துவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் உள்ளே என்ன ஓடுகிறது? 'என் வீட்டில் என் சொல்லுக்கு மதிப்பில்லையா', 'நான் உழைத்துக் களைத்து வருகிறேன், என்னை யாரும் கவனிக்கவில்லையே'. அந்த இடத்தில் நீங்கள்தான் சிங்காசனத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மனைவியும் பிள்ளைகளும் உங்கள் முன்னால் நிற்க வேண்டியவர்கள். கோபத்தை மட்டும் எடுத்துப்போடும் ஆண்டவரே என்று ஜெபித்துவிட்டு அந்தச் சிங்காசனத்தைவிட்டு இறங்காமல் இருந்தால், கோபம் வேறு வழியில் வரும். பேசாமல் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வதும் அதே கோபம்தான்.

யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள், 'அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்' என்று கேட்டபோது, போய் இன்னும் நன்றாக அழுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், வரி வசூலிப்பவன் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காமல் இருக்கட்டும், போர்ச்சேவகன் மிரட்டிப் பணம் பறிக்காமல் தன் சம்பளத்தில் திருப்தியாக இருக்கட்டும் என்றார் (லூக்கா 3). ஆளுக்கு ஆள், வேலைக்கு வேலை, பாவம் எந்த இடத்தில் நடந்ததோ அதே இடத்தில் செய்ய வேண்டிய காரியம். உங்கள் பாவம் கன்வென்ஷன் மைதானத்தில் நடக்கவில்லை தம்பி, சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நடந்தது. அங்கேதான் முழங்காலில் நிற்க வேண்டும்.

மனைவியிடம் உட்கார்ந்து, நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே திரும்பச் சொல்லி, 'இதைச் சொன்னது தப்பு, மன்னித்துவிடு' என்று கேளுங்கள். 'கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன்' என்று பொதுவாகச் சொல்வது மன்னிப்புக் கேட்பது ஆகாது. அவர் அழலாம், பதிலே சொல்லாமல் எழுந்து போகலாம், 'இதைப் பத்து வருஷமாகக் கேட்கிறேன்' என்றும் சொல்லலாம். சொல்லட்டும், குறுக்கே பேசாதீர்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லைதான், ஆனால் கத்தியது அவர்கள் காதுபட அல்லவா? அப்புறம், சபையில் நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி, 'வாரம் ஒரு தடவை என்னைக் கேளுங்கள், என் மனைவியையும் கேளுங்கள்' என்று சொல்லிவையுங்கள். 'உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள்' என்று யாக்கோபு எழுதியது வாசித்துவிட்டுப் போவதற்காக அல்ல.

மறுபடி விழுந்தால்? விழலாம். 1517-இல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 வாசகங்களில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரே தரம் முன்னால் போய்த் தீர்த்துவிட்டு வருகிற காரியமாக அவர் அதைப் பார்க்கவில்லை. உன் சகோதரன் ஒரு நாளில் ஏழுதரம் குற்றம் செய்து ஏழுதரம் திரும்பி வந்து மனஸ்தாபப்படுகிறேன் என்றால் மன்னித்துவிடு என்று நமக்குச் சொன்ன இயேசு, தாம் அதைவிடக் குறைவாக மன்னிப்பாரா? அவர் சொன்ன கதையில் வருகிற கெட்ட குமாரன் பன்றித் தொழுவத்திலிருந்து கிளம்பியதுகூடப் பசியால்தான், அப்பாமேல் பாசம் பொங்கி அல்ல. வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சில், 'கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்' என்ற கடைசி வரியை அவன் சொல்லி முடிக்கவே இல்லை, அதற்குள் தகப்பன் அங்கியும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். அரைகுறையான காரணத்தோடு கிளம்பினாலும் முகம் வீட்டுப் பக்கம் இருந்தது, அதுதான் முக்கியம். அதனால் கூட்டத்துக்குப் போக வெட்கப்படாதீர்கள். போங்கள், ஆனால் அதற்கு முன்னால் மனைவியிடம் பேசிவிட்டுப் போங்கள்.

எங்கள் பகுதியில் ஏலச்சீட்டு நடத்தியவர் பலரை ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டே போனார். என் மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணமும் போயிற்று. இப்போது அவர் இரட்சிக்கப்பட்டு, சபை சபையாகச் சாட்சி சொல்கிறார். 'என் பாவங்களையெல்லாம் கர்த்தர் சமுத்திரத்தின் ஆழத்தில் போட்டுவிட்டார்' என்கிறார். நேரில் போய்ப் பணத்தைக் கேட்டேன். 'அம்மா, நீங்களும் மன்னிக்க வேண்டும்' என்று எனக்கே புத்தி சொல்கிறார். எனக்கு மன்னிக்கிற மனசு இல்லை என்று சபையிலும் பேசுகிறார்கள்.
— ஒரு தாய், மதுரை

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. உங்கள்மேல் அல்ல.

மீகா தீர்க்கதரிசி சொன்ன வாக்கு சத்தியம். கர்த்தர் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழத்தில் போடுகிறார். உங்கள் பணத்தை அவர் அங்கே போடவில்லை, அது அந்த மனிதர் செலவழித்தது. திருடின மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பதற்கு நியாயப்பிரமாணத்திலும் இடம் இல்லை, சுவிசேஷத்திலும் இடம் இல்லை. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம், ஏமாற்றி எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, குற்றநிவாரணபலி செலுத்துகிற அதே நாளில் உரியவனுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. பலியை இங்கே செலுத்திவிட்டுப் பணத்தை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட முடியாது. யாத்திராகமம் 22-இல் திருடி விற்றோ கொன்றோ போட்ட மாட்டுக்கு ஐந்து மாடு, ஆட்டுக்கு நாலு ஆடு. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, ஏமாற்றி வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத் தன்மேல் போட்டுக்கொண்டது அந்த நாலத்தனை. யாரும் கேட்கவில்லை, இயேசுவும் கேட்கவில்லை. அவர் அவன் வீட்டுக்கு வருகிறேன் என்றுதான் சொன்னார். தகுதியில்லாதவன் வீட்டுக்கு அவர் வந்த அந்தக் கிருபைதான் அவன் பணப்பெட்டியைத் திறந்தது. காசு கொடுத்து இரட்சிப்பை வாங்க முடியாது, சரி. ஆனால் இரட்சிப்பு வந்த வீட்டில் காசு அசையாமல் இருக்கவும் முடியாது.

அவரிடம் இப்போது பணமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. சீட்டு நோட்டை எடுத்து, யார் யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, மாதம் இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். ஐநூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை. அதைச் செய்கிற வரைக்கும் அவருக்கு மைக் கொடுக்காமல் இருப்பதுதான் அந்தச் சபைகள் அவர் ஆத்துமாவுக்குச் செய்யக்கூடிய நன்மை. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரை உடனே மேடையில் ஏற்றி, அவருடைய பழைய பாவத்தையே கதையாகச் சொல்லவைத்துக் கைதட்டுகிற பழக்கம் நம்மிடம் பெருத்துவிட்டது. அதனால் பாதிக்கப்பட்டவர் அதே கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை.

உங்களுக்கு ஒன்று. மன்னிப்பது என்றால் அவர் நாசமாகப் போகட்டும் என்ற ஆசையைத் தேவன் கையில் விட்டுவிடுவது. அது கஷ்டம், ஒரே நாளில் வராது, வருகிறவரைக்கும் ஜெபத்தில் கேளுங்கள். ஆனால் மன்னிப்பதற்காகப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் ஆண்டின் சிட் பண்ட் சட்டப்படி குற்றம். ரசீது, நோட்டு எதுவானாலும் பத்திரமாக வையுங்கள், ஏமாந்த மற்றவர்களோடு சேர்ந்து போலீஸில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுப்பதனால் நீங்கள் மன்னிக்காதவர் ஆகிவிட மாட்டீர்கள்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். பெரிய பாவம் என்று எதுவும் செய்ததில்லை. கல்லூரி ஜெபக்குழுவில் எல்லாரும் தாங்கள் இரட்சிக்கப்பட்ட தேதியைச் சொல்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு நாள் ஞாபகமே இல்லை. அப்படியானால் நான் மனந்திரும்பவில்லையா அண்ணா?
— ஒரு மாணவி, கோயம்புத்தூர்

தங்கச்சி, அப்போஸ்தலர் 16-இல் லீதியாள் என்ற பெண்ணுக்கு ஆற்றங்கரையில் பவுல் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது கர்த்தர் இருதயத்தைத் திறந்தார், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. அதே அதிகாரத்தில் சிறைச்சாலைக்காரனுக்குப் பூமி அதிர்ந்து, கதவுகள் திறந்து, பட்டயத்தை உருவிச் சாகப்போகிற அளவுக்கு ஆயிற்று. பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு இரண்டுமே இல்லை. பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் அவனுக்கும் வந்தது, சிறுவயது முதல் வேதத்தை அறிந்திருந்தான். பவுல் அவனிடம் தேதி கேட்டதாக எங்கும் இல்லை.

தேதி இருப்பதும் எல்லாவற்றையும் முடித்துவிடாது. 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதிய ஜான் நியூட்டனிடம் மிகத் தெளிவான தேதி இருந்தது. 1748 மார்ச் 10-ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் புயலில் கப்பல் உடைந்து தண்ணீர் ஏறியபோது தேவனிடம் இரக்கம் கேட்டுக் கதறினார், அந்த நாளை வருஷாவருஷம் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். மேல்தளத்தில் மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை நடத்துவார், கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மக்கள் சங்கிலியில் கிடப்பார்கள். 1754-இல் கடலைவிட்டு வந்ததும் மனச்சாட்சி குத்தியதால் அல்ல, உடம்பு கெட்டதால். போதகராகி, வெகுகாலம் கழித்து 1788-இல்தான் அந்த வியாபாரத்துக்கு எதிராகத் தான் பார்த்ததையும் செய்ததையும் வெளிப்படையாக எழுதினார், தன் வாக்குமூலம் மிகத் தாமதமானது என்று அதிலேயே ஒப்புக்கொண்டார். புயலில் கதறியது பொய் என்று நான் நினைக்கவில்லை. அன்று தொடங்கிய திரும்புதல் அவருடைய தொழில்வரைக்கும் வந்து சேர நாற்பது வருஷம் ஆயிற்று. அந்த நாற்பது வருஷத்துக்கு அவர் கப்பலில் கிடந்தவர்கள் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

அதனால் தேதியைத் தேடி அலையாதே. ஆனால், 'பெரிய பாவம் என்று எதுவும் செய்ததில்லை' என்று எழுதினாயே, அங்கே கொஞ்சம் நில். லூக்கா 15-இல் உள்ள கெட்ட குமாரன் கதையில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் வீட்டைவிட்டுப் போகவே இல்லை, ஒரு கட்டளையையும் மீறவில்லை, வயலிலிருந்து வந்து ஆடல்பாடல் சத்தம் கேட்டதும் உள்ளே வர மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டான். 'எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை' என்கிறான். இத்தனை வருஷமும் கணக்கு வைத்துக்கொண்டே வேலை செய்திருக்கிறான். தம்பியைத் தம்பி என்றுகூடச் சொல்லாமல், 'உம்முடைய குமாரனாகிய இவன்' என்கிறான். சபையிலேயே பிறந்து வளர்ந்த நமக்கெல்லாம் பெரும்பாலும் இந்த வகைப் பாவம்தான். மற்றவர்கள் சாட்சி சொல்லும்போது உள்ளுக்குள் அவர்களை எடைபோடுவது, நான் ஒழுங்காக இருந்ததற்குத் தேவன் எனக்கு ஏதோ கடன்பட்டவர் மாதிரி நினைப்பது, பரீட்சையில் மார்க் குறைந்தால் 'இத்தனை ஜெபித்தேனே' என்று அவரிடம் முறைத்துக்கொள்வது. தகப்பன் இளையவனுக்காக ஓடினார், மூத்தவனுக்காகவும் விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து வருந்தி அழைத்தார். நீ வீட்டுக்கு வெளியே இருக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அவரை உனக்கு அப்பாவாகப் பிடித்திருக்கிறதா, இல்லை நல்ல பிள்ளை என்ற பேரைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் தேவையா என்று உன்னையே கேட்டுப் பார். ஜெபக்குழுவில் தேதி கேட்டால், 'தேதி தெரியாது, இன்றைக்கு அவரைத்தான் நம்புகிறேன்' என்று சொல்லிவிடு.

'தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு' என்ற வசனத்தைச் சொல்லி, கணவர் குடித்துவிட்டு அடிப்பதைப் பொறுத்துக்கொள் என்கிறார்கள் மாமியாரும், எங்கள் ஜெபவீட்டில் உள்ளவர்களும். சுயத்தைச் சாகடிப்பது என்றால் இதுதானா?
— ஒரு சகோதரி, கன்னியாகுமரி மாவட்டம்

இல்லை அம்மா. இதற்கு நீட்டிப் பேசத் தேவையில்லை.

அந்த வசனம் இயேசுவின் பின்னால் போக விரும்புகிறவன் தானே தன்னிடம் சொல்லிக்கொள்ள வேண்டியது. இன்னொருவர் தோளில் சிலுவையை ஏற்றிவிட்டு, சும அதை என்று சொல்வதற்குக் கொடுக்கப்படவில்லை. உங்கள் வீட்டில் சுயத்தை வெறுக்க வேண்டியவர், மனந்திரும்ப வேண்டியவர், கை ஓங்குகிறவர். சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது அசையாமல் நின்று சிலுவை சுமக்கவில்லை, விலகித் தப்பி ஓடினான். ஓடியபிறகும் சவுலுக்குத் தீங்கு செய்ய மறுத்தான். தமஸ்குவில் தன்னைப் பிடிக்கக் காவல் வைத்திருந்தபோது பவுல் கூடையில் இறங்கி மதில்வழியாகத் தப்பினான். தப்பிப்பது அவிசுவாசம் அல்ல.

181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண், இரவிலும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது, அதன்படி அதே வீட்டில் பாதுகாப்பாக வசிக்க உத்தரவு கேட்கவும் வழி உண்டு. உங்கள் போதகரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவரும் பொறுத்துக்கொள் என்றே சொன்னால் வேறு ஒருவரிடம் போங்கள். உங்களை நேசிக்கிற பிறந்த வீட்டாரிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

லெந்து நாட்களில் மீன், கறி சாப்பிடாமல் இருப்பது வேதத்தில் உண்டா?
— வாசகர், நாகர்கோவில்

கட்டளையாக இல்லை. சாம்பல் புதனிலிருந்து ஞாயிறுகளை விட்டுவிட்டு நாற்பது நாள் என்பது சபை வைத்துக்கொண்ட ஒழுங்கு, நல்ல ஒழுங்குதான், மனதார இருங்கள். அதோடு ஏசாயா 58-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். உபவாச நாளிலேயே வேலைக்காரரைக் கசக்கிப் பிழிகிறவர்களைக் கர்த்தர் அங்கே கேட்கிறார். கறிக்குச் செலவாகிற காசு வீட்டில் மிச்சமாகிறது அல்லவா, அது பசித்தவன் வீட்டுக்குப் போகட்டும்.

எனக்கு 71 வயது. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். நானும் தம்பியும் அக்காவிடம், 'உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டோம். வீடும் தோட்டமும் எங்களுக்கே வந்தன. அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் கணவன் இறந்தபிறகு ரொம்பக் கஷ்டப்பட்டாள், நான் போய்ப் பார்க்கவில்லை. போன வருஷம் இறந்துவிட்டாள். இப்போது ராத்திரி தூக்கம் வருவதில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்பது? தேவன் என்னை மன்னிப்பாரா?
— ஒரு பெரியவர், திருநெல்வேலி

ஐயா, மன்னிப்பார். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குத் திருப்பிக் கொடுக்கக் கையும் இல்லை, நேரமும் இல்லை. 'நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்' என்று ஒத்துக்கொண்டு இயேசுவின் பக்கம் திரும்பினான், அன்றைக்கே பரதீசு கிடைத்தது. உங்களுக்கும் அதே வாசல்தான். தூக்கம் வராமல் இருப்பதைத் தண்டனை என்று நினைக்காதீர்கள். 'உமது கை என்மேல் பாரமாயிருந்ததினால்' என்று 32-ஆம் சங்கீதம் சொல்கிற பாரம் அது, அவர் உங்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் கள்ளனுக்கு இல்லாத இரண்டும் உங்களுக்கு இருக்கின்றன. கை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. அநியாயம் பட்டவன் இல்லாமல் போனால் அவனுடைய சுற்றத்தானுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று எண்ணாகமம் 5 சொல்கிறது. அக்காவுக்குப் பிள்ளைகள் இருந்தால் உங்கள் மன்னிப்பு அவர்கள் வீட்டில் இருக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இதில் அக்கா பக்கம்தான் இருந்தது. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. நகை போட்டுக் கொடுத்ததால் அது தீர்ந்துவிட்டது என்பது நம் ஊர்ப் பேச்சு. நம் சபைக் குடும்பங்களில் எத்தனை அக்கா தங்கைகளிடம் இப்படிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், அதே கையால் தசமபாகமும் கொடுத்துக்கொண்டு.

முதலில் தம்பியிடம் பேசுங்கள். அவர் வராவிட்டாலும் உங்கள் பங்கைப் பொறுத்தவரை நீங்கள் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் இப்போதே தெரியட்டும், நீங்கள் போனபிறகு அவர்கள் வழக்குப் போடாமல் இருக்க அதுதான் வழி. ஒரு வக்கீலிடம் பட்டாவையும் பத்திரத்தையும் காட்டி, அக்கா பங்குக்கு உரியதை அவள் பிள்ளைகள் பேருக்கு எப்படி எழுதுவது என்று கேளுங்கள். நிலத்தைப் பிரிக்க முடியாவிட்டால் இன்றைய விலைக்குப் பணமாகக் கொடுங்கள், நீங்கள் எடுத்த காலத்து விலைக்கு அல்ல. அவர்கள் வீட்டுக்கு நீங்களே நேரில் போங்கள், ஆள் அனுப்பாதீர்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள், அம்மாவை வந்து பார்க்காமல் விட்டதையும் சேர்த்து. அவர்கள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். பத்திரத்தை வாங்கிக்கொண்டு உங்களோடு பேசாமலே போனாலும் போவார்கள், அதற்கும் மனசைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். பாளையங்கோட்டை, திருநெல்வேலிப் பக்கம் துணைக்கு வர ஆள் வேண்டுமானால் எழுதுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.